ஏட்டிலிருந்து மின்பாடம் வரை: பழனி மரபின் சித்த மருத்துவ நூல்களும் மின்னூலகங்களும்

பழனி மலைக்கோயில் மூலவரின் திருமேனியைப் போகர் என்னும் சித்தர் நவபாடாணக் கட்டாக, அதாவது ஒன்பது நச்சுச் சரக்குகள் சேர்ந்த கட்டாக, சமைத்தார் என்றும், அவருக்குப் பின் அவர் மாணவர் புலிப்பாணி வழிபாட்டைத் தொடர்ந்தார் என்றும் மரபு சொல்லி வருகிறது. இவ்விருவரின் காலத்தைப் பற்றி ஆய்வாளரிடையே ஒத்த கருத்து இல்லை. ஆயினும் இவர்கள் பெயரில் வழங்கும் மருத்துவச் செய்யுள் நூல்கள் வெறும் பழம்பொருள்களாக நின்றுவிடவில்லை. மருந்துகளையும் அழகுப் பொருள்களையும் ஒழுங்குபடுத்தும் 1940ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம், பிற்காலத் திருத்தங்களின் வழியே இந்திய மருத்துவ முறைகளையும் தன்னுள் கொண்டபோது, சித்த மருந்து செய்வதற்கு ஆதாரமாகக் கொள்ளத்தக்க நூல்களை அதன் முதல் அட்டவணையில் பட்டியலிட்டது. போகர் 700, புலிப்பாணி 500 ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. ஆகவே இந்நூல்களின் ஒரு சீரில் நேரும் பாடபேதம், அதாவது சுவடிக்குச் சுவடி சொல் மாறி வருதல், இலக்கியச் சுவையைப் பற்றிய வழக்காக மட்டும் நிற்பதில்லை. மருந்தின் சேர்மானத்தையும் அளவையும் அது தொடுகிறது. மின்னூலகங்களின் பயனையும் இடர்ப்பாட்டையும் எடைபோட இதைவிடக் கண்டிப்பான உரைகல் கிடைப்பது அரிது.

பனையோலையின் ஆயுள் பராமரிப்பைப் பொறுத்தது. பெரும்பாலும் இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்குள் ஏடு நொறுங்கத் தொடங்கும் என்பதால், நூல் பிழைப்பதற்குப் படியெடுத்தலே வழியாக இருந்தது. வைத்தியர் குடும்பங்களில் மருத்துவ ஏடு மகனுக்கோ மாணவனுக்கோ கைமாறியதேயன்றிப் பொதுவில் வைக்கப்படவில்லை. ஏட்டெழுத்தில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் வேறுபடுத்தப்படுவதில்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே கோடாக நிற்கும். கொடியும் கோடியும் ஒரே வடிவில் எழுதப்பட்ட ஓர் ஓலையில், எது மூலிகை, எது எண் என்பதைத் தீர்மானித்தது எழுத்தன்று, குருவின் வாய்மொழி. அந்த வாய்மொழி அறுந்த இடத்திலிருந்துதான் பிற்காலச் சிக்கல்கள் யாவும் தொடங்குகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் சென்னை அச்சகங்கள் சித்தர் நூல்களை மலிவுப் பதிப்புகளாக வெளியிட்டன, பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற வெளியீட்டாளர்களின் நூல்கள் சிற்றூர் வைத்தியர் கைவரை சென்று சேர்ந்தன. எந்தச் சுவடியிலிருந்து பாடம் எடுக்கப்பட்டது, எத்தனை சுவடிகள் ஒப்பிடப்பட்டன என்ற குறிப்பு இப்பதிப்புகளில் அரிதாகவே காணப்படும். சங்க நூல்களுக்கு உ.வே.சாமிநாதையர் அளித்த கவனம் மருத்துவ நூல்களுக்குக் கிடைக்கவில்லை என்பதே உண்மை. இக்குறையை நீக்க முயன்ற நிறுவனங்களுள் பழனிக்குத் தனி இடம் உண்டு: பழனி தண்டாயுதபாணி சுவாமி திருக்கோயிலின் சார்பில் சித்த மருத்துவ நூல் வெளியீட்டுக் குழு ஒன்று அமைந்து, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மருத்துவ நூல்களை அச்சேற்றியது. கோயில் வருவாய் மருத்துவ நூல் பதிப்புக்குச் சென்றது தமிழகப் பதிப்பு வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத செய்தி.

கணினியில் நூல்களைத் திரட்டும் முயற்சி உலக அளவில் 1971இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்தோடு தோன்றியது. தமிழில் அதற்கு இணையானது 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம். பல நாடுகளில் பரவியிருந்த தன்னார்வலர்கள் ஊதியமின்றி நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் அளித்தனர். 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் அரசு நிறுவனம் தன் தளத்தில் நூலகத்தோடு சுவடிக் காட்சியகத்தையும் அமைத்தது. பின்னர் அச்சு நூல்களையும் இதழ்களையும் ஒளிவருடி வழங்கும் தமிழ் மின்நூலகத்தையும் நிறுவியது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், ஈழத்து ஆவணங்களுக்கென 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஆகியவை இவ்வரிசையில் சேரும். பழனியிலிருந்து ஓர் ஆய்வு மாணவர் சென்னைக்கோ தஞ்சைக்கோ சென்று பல நாள் தங்கிப் பார்க்க வேண்டியிருந்த நூல்களுள் பலவற்றை இன்று கைப்பேசியில் காண முடிகிறது. இப்பயன் எளிதில் விளங்குவது. இதைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை.

விளக்கம் வேண்டுவது வேறொன்று. மின்னூலகம் என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு வேறுபட்ட பொருள்கள் வழங்குகின்றன. ஒன்று மின்படிமம்: ஏட்டையோ பக்கத்தையோ அப்படியே படமெடுத்து வைப்பது. மற்றொன்று மின்பாடம்: எழுத்தெழுத்தாகக் கணினிக்கு விளங்கும்படி உள்ளிடப்பட்ட, தேடக்கூடிய நூல். மின்படிமம் ஏட்டைக் காக்கிறது. ஆனால் ஏட்டெழுத்தைப் படிக்கத் தெரியாதவருக்கு அது பூட்டிய பெட்டியாகவே இருக்கிறது. மின்பாடம் எல்லோருக்கும் திறக்கிறது. ஆனால் உள்ளிட்டவரின் வாசிப்பே நூலின் வாசிப்பாகிவிடுகிறது, படியெடுத்தவரின் பிழை ஓலையில் நிலைத்ததைப் போலவே.

மருத்துவ நூல்களில் இவ்விடர் கூர்மையடையும் இடம் அளவைக் குறிகள். முந்திரி என்னும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முதலான பின்னங்களுக்கும், ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு போன்ற முகத்தலளவைகளுக்கும் ஏடுகளில் தனிக்குறிகள் உண்டு. தமிழ் எழுத்துகள் 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே ஒருங்குறியில், அதாவது உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் பொதுக் குறியேற்றத்தில், இடம்பெற்றுவிட்டன. இக்குறிகளோ 2019இல் வெளிவந்த 12ஆம் பதிப்பில்தான் தமிழ்ப் பிற்சேர்க்கை என்ற தொகுதியில் 51 குறிகளாகச் சேர்ந்தன. அதற்கு முன் உள்ளிடப்பட்ட பாடங்களில் இக்குறிகளைச் சொல்லாக விரித்தோ, வேறு எழுத்தால் ஈடுசெய்தோ, விட்டுவிட்டோதான் எழுத முடிந்தது. மருந்தின் அளவு எத்தனை என்று கேட்பவருக்கு இம்மூன்றும் ஒன்றல்ல.

தேடல் வசதியும் சித்தர் நூல்களில் முழுப்பயன் தருவதில்லை. இந்நூல்கள் பரிபாடையில், அதாவது குழுவினருக்கு மட்டும் விளங்கும் மறைமொழியில், இயன்றவை. ஒரு பொருளுக்குப் பல பெயர்களும் ஒரு பெயருக்குப் பல பொருள்களும் வரும். காவல்துறை அதிகாரியாகப் பணியாற்றிய டி.வி. சாம்பசிவம் பிள்ளை தம் வாழ்நாளைச் செலவிட்டுத் தொகுத்த மருத்துவ அகராதி, இம்மறைமொழிக்குள் நுழைவோருக்கு இன்றும் முதற்கருவியாக இருக்கிறது. இத்தகைய அகராதியோடு பிணைக்கப்படாத மின்பாடத்தில் ஒரு சொல்லைத் தேடுபவர், அச்சொல் வரும் இடங்களைப் பெறுவாரேயன்றிப் பொருள் வரும் இடங்களைப் பெறமாட்டார்.

திறந்து வைப்பதா, காத்து வைப்பதா என்ற பழைய குருகுல வினாவும் மின்னூலகத்தோடு மறைந்துவிடவில்லை. மஞ்சளின் புண்ணாற்றும் தன்மைக்கு 1995இல் அமெரிக்காவில் அளிக்கப்பட்ட காப்புரிமையை, இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூற்சான்றுகளைக் காட்டி 1997இல் நீக்கச் செய்தது. அந்த வழக்கின் பாடத்திலிருந்து 2001இல் பாரம்பரிய அறிவு மின்னூலகம் பிறந்தது. அது ஆயுர்வேத, யுனானி, சித்த நூல்களிலுள்ள மருந்து முறைகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் வகைப்படுத்தி, அயல்நாட்டுக் காப்புரிமை அலுவலகங்கள் பார்க்கும்படி வைத்தது. நோக்கம் பயனுடையதே, எனினும் தமிழ்ச் செய்யுளிலிருந்தும் உருவான தரவுத்தளம், நெடுங்காலம் ஐரோப்பிய அலுவலர் காணக்கூடியதாகவும் தமிழ் வைத்தியர் காணவியலாததாகவும் இருந்தது என்பதைக் கவனிக்காமல் விட முடியாது. 2022இல்தான் அதனைப் பிறருக்கும் விரித்தளிக்க நடுவண் அமைச்சரவை இசைந்தது. மறுபுறம், பாதரசமும் பாடாணமும் சேரும் செந்தூர மருந்துகளின் செய்முறைகளை, அச்சரக்குகளின் நஞ்சு நீக்கும் சுத்திப் பக்குவம் இன்றி, பொதுவில் பரப்புவது உயிருக்கே தீங்காகலாம் என்பதால், வரம்பற்ற திறப்பையும் பொறுப்புடைய பதிப்பாளர் ஏற்க இயலாது. பக்குவக் குறிப்போடு கூடிய பதிப்பே இதற்குத் தக்க நடுவழி.

நிலைபேறு குறித்தும் சில சொல்ல வேண்டும். இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருந்திட்டமாக எழுந்த இந்திய மின்னூலகத்தின் தளம், பதிப்புரிமைச் சிக்கலுக்குப் பின் இயங்காமற் போனது. அதில் இருந்த நூல்கள் பல இன்று கிடைப்பது, பிறர் படியெடுத்து இணைய ஆவணக் காப்பகத்தில் ஏற்றி வைத்தமையால். ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் உள்ளிடப்பட்ட பாடங்களும் மாற்றப்படாதவரை வெறுங்கிறுக்கலாகவே தோன்றும். படியெடுத்தல் நின்றால் நூல் அழியும் என்ற ஏட்டுக்கால விதி இங்கும் செல்லும்.

இவை அனைத்தினும் குறைவாகப் பேசப்படுவது உரிமைச் சட்டம் விளைவிக்கும் ஒரு முரண். சித்தர் நூலுக்கு உரிமையாளர் இல்லை. ஆனால் பதிப்பாசிரியர் சேர்த்த உரைக்கும் குறிப்புக்கும் உண்டு, அவ்வுரிமை இந்தியச் சட்டப்படி அவர் மறைந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். அதனால் ஆதாரம் காட்டாத பழைய மலிவுப் பதிப்பு தடையின்றி மின்னூலகத்தில் ஏறுகிறது. ஒப்பிட்டும் விளக்கியும் பிற்காலத்தில் வெளிவந்த பதிப்பு வெளியே நிற்கிறது. கைப்பேசியில் தேடும் மாணவர் முதலிற் காண்பது இவற்றுள் தரம் குறைந்ததையே. நூலாசிரியர்களின் படைப்புகளை நாட்டுடைமையாக்கி, அவற்றை இணையத்தில் வழங்கும் வழக்கம் தமிழ்நாட்டு அரசுக்கு ஏற்கெனவே உண்டு. அந்த வழியைக் கோயில்களும் நிறுவனங்களும் வெளியிட்ட மருத்துவப் பதிப்புகளுக்கு நீட்டிப்பது அரசாணையாலும் அறங்காவலர் தீர்மானத்தாலும் முடியக்கூடிய செயல். இந்து சமய அறநிலையத்துறை அண்மை ஆண்டுகளில் கோயில்களிலுள்ள சுவடிகளைக் கணக்கெடுத்துச் செப்பனிட்டு மின்படிமமாக்கி வருகிறது. பழனித் திருக்கோயில் வெளியீடுகள் அப்படிமங்களுக்கு அருகில் மின்பாடமாக வைக்கப்படுமானால், புலிப்பாணி 500இன் ஒரு செய்யுளை ஏட்டோடும் அச்சோடும் ஒருங்கே ஒப்பிட்டு, அளவைக் குறி எந்த இடத்தில் மாறியது என்பதைக் கண்டறிய முடியும்.