கணினிக்குள் நிலைத்துவிட்ட பழைய எழுத்துவரிசை

1978 அக்டோபரில் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பித்தபோது ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளின் வடிவம் மாறிற்று. மலேசியாவும் சிங்கப்பூரும் பின்னர் அவ்வழியே சென்றன. ஆயினும், முன்னரே அச்சாகியிருந்த நூல்களில் ஓரெழுத்தும் மாறவில்லை. யானைக்கொம்பு போட்ட லைகாரத்தைப் பழைய நூலிற் கண்டால் நாம் தடையின்றிப் படித்துக்கொண்டு போகிறோம். கணினிக்கு அத்தகைய கண் இல்லை. அதற்கு எழுத்தென்பது ஓர் எண். எண் மாறினால் எழுத்தே வேறாகிவிடும். இதனால் விளைந்த தொல்லைகளின் வரலாற்றில் நம் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் பங்குண்டு.

கிள்ளான் வட்டாரத்துத் தமிழாசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறனின் மைந்தர் முத்து நெடுமாறன், 'முரசு' என்னும் தமிழ்ச் செயலியை 1985இல் வெளியிட்டார். பின்னாளில் அது 'முரசு அஞ்சல்' என விரிந்தது. அக்கால முறையில் எழுத்துகளுக்குக் கிடைத்த இடங்கள் மொத்தம் 256. பாதியை ஆங்கிலம் எடுத்துக்கொள்ள, எஞ்சிய 128இல் தமிழின் 247 எழுத்துகளை எங்ஙனம் அடக்குவது? அச்சுக்கோப்பவர் செய்ததைப் போலக் கொம்பையும் காலையும் தனித்தனியே வெட்டி வைத்துக் கோப்பதே வழியாயிற்று. எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி அவற்றை அடுக்கினர். ஆகவே ஓர் எழுத்துருவில் அடித்த வணக்கம் மற்றோர் எழுத்துருவில் பொருளற்ற கிறுக்கலாகத் தோன்றியது. பள்ளித் தேர்வுத்தாள், சங்க ஆண்டறிக்கை, பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் அடித்த திருமண அழைப்பிதழ் ஆகிய எல்லாம் இப்படிப்பட்ட எழுத்துருக்களின் காலத்தைக் கண்டவையே.

ஒழுங்கு செய்ய முயன்றவர் பலர். இணையத் தமிழர் கூடி 'திஸ்கி' அமைத்தனர். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு 'டாம்', 'டாப்' என்னும் இரண்டை ஏற்றது. 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரிலேயே தமிழிணைய மாநாடு கூடிற்று. அதற்குள் உலகப் பொதுவான ஒருங்குறி வந்து பத்தாண்டு ஆகியிருந்தது.

இனித்தான் நாம் கூர்ந்து நோக்கவேண்டிய செய்தி. 1991இல் வெளிவந்த ஒருங்குறி, தமிழுக்கென்று புதிதாக எதனையும் ஆராயவில்லை. இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு 'இஸ்கி' அட்டவணையை அடியொற்றி அமைந்தது. இஸ்கியோ இந்திய எழுத்துகள் அனைத்தையும் தேவநாகரி வரிசையில் நிறுத்துவது. அதனால் கவுக்கும் ஙவுக்கும் நடுவே மூன்று வெற்றிடங்கள் கிடக்கின்றன. னகரம் தன் இறுதியிடத்தை விட்டு நகரத்தின் பக்கத்தில் நிற்கிறது. எண்ணை மட்டும் பார்த்து அகரநிரல் செய்தால் கனி, கப்பல், கரி என்று வரும். நம் அகராதியில் கனி கடைசியில் வரவேண்டும். தமிழில் வழங்காத அனுசுவாரத்திற்கு ஓரிடம் உண்டு. ஆய்தத்தின் பெயரோ அங்கே 'விசர்க்கம்'! தனி மெய்யாகிய 'க்' இரண்டு எண் கொள்ள, அகரமேறிய 'க' ஒன்றே கொள்கிறது. இலக்கணத்திற்கு இது தலைகீழ் என்பர். (கையால் எழுதும்போது நாமும் கவை எழுதிப் பிறகுதானே புள்ளி வைக்கிறோம்? இவ்வொரு குற்றச்சாட்டை நான் அவ்வளவாக ஏற்பதில்லை.)

பிழை தெரிந்தபின் திருத்தலாகாதா என்று கேட்கலாம். ஆகாது. ஒருமுறை தந்த எண்ணை எடுப்பதில்லை, இடம் மாற்றுவதில்லை என்று 1996இல் வந்த இரண்டாம் பதிப்பு முதல் ஒருங்குறி உறுதி கூறிவருகிறது, பெயரும் மாறாது. கூட்டலாம், குறைக்கலாகாது. கூட்டியதாலும் ஒரு சிக்கல் நேர்ந்தது. 2005 வரை ஸ்ரீ என்பது ஸகரத்தைக் கொண்டு எழுதப்பட்டது. அவ்வாண்டு ஶகரம் சேர்ந்ததும் அதைக் கொண்டு எழுதுவதே முறை என்றாயிற்று. பழையதையும் தள்ள முடியவில்லை. இரண்டும் திரையில் ஒரே வடிவம், உள்ளே வேறு வேறு எண்கள். நம் நாட்டில் டான்ஸ்ரீ பட்டம் பெற்றோர் பலராதலின், பெயரைத் தேடுவோர் ஒருவகையை மட்டும் தட்டினால் மற்றவகையில் எழுதியவை தப்பிவிடும்.

2010 சூனில் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்றபோது, 'டேஸ் 16' என்னும் மாற்று முறையையும் உடன் ஏற்றது. அதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண். வரிசையும் நம் நெடுங்கணக்கே. இலக்கணம் அறிந்தோர்க்கு அதுவே இனிது. எனினும் அதற்குக் கிடைத்தது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதி, பொதுப் பகுதியிலன்று. அந்த முறை அறியாத கருவியில் அது படிக்க வராது. 1988இல் வந்திருந்தால் ஏற்றிருக்கத்தக்கது. 2010க்குள் உலகெங்கும் எழுதிக் குவிந்துவிட்ட தமிழை யார் மீண்டும் எழுதுவது? அகரநிரற் பிழையை மென்பொருள் தனியொரு வரிசை அட்டவணை கொண்டு சரிசெய்துவிடுகிறது. எண்கள் இடம்பெயர்ந்தால் நேரும் கேட்டை அவ்வளவு எளிதில் சரிசெய்ய வழியில்லை.

எத்தகைய கேடு என்பதை அந்த 128 இடத்து எழுத்துருக்கள் காட்டிவிட்டன. அக்காலக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் இன்றுள்ளன. ஆனால் மூலம் எந்த முறையில் அடிக்கப்பட்டதென்று முதலில் தெரியவேண்டும். பழைய வினாத்தாள்களையும் மாணவர் கட்டுரைகளையும் குறுவட்டுகளில் வைத்திருக்கும் ஆசிரியர்கள், எழுத்துருவின் பெயர் நினைவிலிருக்கும்போதே அதனை உறைமேல் எழுதிவைத்தல் நன்று.