முதலில் காசு, அப்புறம் கதை

ஒரு பதிப்பகம். கிறுக்குத்தனமான ஓர் எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதியை வேண்டாம் என்று நிராகரிக்கிறார்கள். மனுஷனுக்குக் கோபம். பழிவாங்கப் பார்சலில் ஒரு செடியை அனுப்பிவைக்கிறார். சாதாரணச் செடி இல்லை. ரத்தம் கேட்கிற செடி.

அப்புறம்?

அப்புறம் என்ன ஆச்சு என்பது எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். கதை பாதியில் நிற்கிறது. எழுதியவர் யாரோ எவரோ இல்லை. ஸ்டீபன் கிங். பேய்க்கதைகளால் உலகத்தையே இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்கவைத்தவர்.

2000ம் வருடம், ஜூலை மாதம். கிங் ஒரு காரியம் செய்தார். 'தி ப்ளான்ட்' என்ற அந்தக் கதையைப் பதிப்பகம், கடை, ஏஜென்ட் யாரும் இல்லாமல் நேரடியாக இன்டர்நெட்டில் தவணை முறையில் வெளியிட ஆரம்பித்தார். ஒரு அத்தியாயம் ஒரு டாலர். பூட்டு கிடையாது, காவல் கிடையாது. முதலில் படிக்கலாம், பிறகு கொடுக்கலாம். கொடுக்காமலும் போகலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று. நூற்றுக்கு எழுபத்தைந்து பேராவது காசு கொடுத்தால் தொடருவேன். இல்லாவிட்டால் கடையைக் கட்டிவிடுவேன்.

முதல் வாரத்திலேயே ஒரு லட்சம் பேருக்கு மேல் இறக்கிக்கொண்டார்கள். எழுபத்தைந்து சதவீதத்துக்கு மேல் காசும் வந்துவிட்டது. பதிப்பகங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் நாலாவது தவணையில் கதை மாறிப்போச்சு. விலை இரண்டு டாலர் ஆனது. கொடுத்தவர்கள் 46 சதவீதம். டிசம்பரில் ஆறாவது தவணையோடு, வேறு எழுத்து வேலைகள் இருக்கின்றன என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அவருக்கு நஷ்டமா? அதுதான் இல்லை. நாலரை லட்சம் டாலருக்கு மேல் லாபம்.

அப்படியானால் நஷ்டம் யாருக்கு? ஒழுங்காக டாலர் கட்டிய அந்தப் பாதிப் பேருக்கு. அவர்களுக்குச் செடியும் இல்லை, கதையும் இல்லை.

நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு இதில் கதையைவிடக் கணக்குதான் கண்ணில் படுகிறது. ஒரு வியாபாரி சரக்கை அனுப்பும் முன்னால் வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்கினால், அதைப் பேரேட்டில் எங்கே எழுதவேண்டும்? வரவு வந்ததே என்று லாபத்தில் எழுதக்கூடாது. லயபிலிட்டி. கடன் பக்கம். சரக்கு போய்ச் சேருகிறவரை அந்தப் பணம் அவருடையது இல்லை. நம் ஊர் மொய் நோட்டு இருக்கிறதே, அது மாதிரி. வாங்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் எழுதிவைக்கிற ஒவ்வொரு வரியும் திருப்பிச் செய்யவேண்டிய கடன்.

ஊர் கூடித் தேர் இழுக்கிற இந்த வித்தைக்கு இப்போது கிரவுட் ஃபண்டிங் என்று பெயர். இதில் அதிகம் புழங்குகிறவர்கள் யார் என்று பார்த்தால் விண்வெளிக் கதைக்காரர்களும் மாயாஜாலக் கதைக்காரர்களும்தான். காரணம் இருக்கிறது. இந்த மாதிரிக் கதைகளுக்கு வாசகர்கள் கொஞ்சம். ஆனால் வெறி அதிகம்.

கேத்தரின் வாலண்டே என்று ஓர் அமெரிக்க எழுத்தாளர். 2009ல், பொருளாதாரம் படுத்துக் கிடந்த சமயத்தில், வீட்டில் ஒரு வேலை போய்விட்டது. கையில் காசு இல்லை. அவருடைய நாவல் ஒன்றில், ஒரு பாத்திரம் சின்ன வயதில் படித்ததாக ஒரு குழந்தைப் புத்தகம் வரும். நிஜத்தில் அப்படி ஒரு புத்தகமே கிடையாது. வாசகர்கள் அது எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சரி, எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தார். ஒவ்வொரு அத்தியாயமாக இன்டர்நெட்டில் போட்டார். படிப்பது இலவசம். முடிந்தவர்கள் முடிந்ததைக் கொடுங்கள்.

செப்டம்பர் என்கிற பன்னிரண்டு வயதுப் பெண், சிறுத்தை மேல் ஏறித் தேவதை நாட்டுக்குப் போகிற கதை. அங்கே அவளுக்கு ஒரு டிராகன் சிநேகிதன். அவனுடைய அப்பா ஒரு நூலகம்! தலைப்பைக் கேளுங்கள். 'தி கேர்ள் ஹூ சர்க்கம்நேவிகேட்டட் ஃபேரிலேண்ட் இன் எ ஷிப் ஆஃப் ஹெர் ஓன் மேக்கிங்'. மூச்சு வாங்குகிறது. ஆனால் காசு வந்தது, குடும்பம் நிமிர்ந்தது, கதையும் முடிந்தது. பதிப்பகம் அச்சிடும் முன்பே ஆந்த்ரே நார்ட்டன் விருது வாங்கிய முதல் புத்தகம் அதுதான். 2011ல் அச்சில் வந்து சக்கைப்போடு போட்டது.

கிங்கின் ஒரு டாலர் போனால் கிங்குக்கு ஒன்றும் ஆகாது என்று வாசகனுக்குத் தெரியும். வாலண்டேவின் வீட்டில் அடுப்பு எரிவது தன் கையில் இருக்கிறது என்பதும் தெரியும். கொடுத்தான்.

அதே 2009ல் அமெரிக்காவில் கிக்ஸ்டார்ட்டர் வந்தது. இந்தக் கைமாற்று வியாபாரத்தை ஒரு கம்பெனியாக்கி, ஐந்து சதவீதக் கமிஷன் வைத்தார்கள். நல்ல விதி ஒன்றும் வைத்தார்கள். இவ்வளவு வேண்டும் என்று நீங்கள் சொன்ன தொகை முழுசாகச் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். ஒரு டாலர் குறைந்தாலும் யாரிடமும் எதுவும் வாங்கமாட்டார்கள். பணம் சேர்வதற்கு விதி உண்டு. சேர்ந்த பிறகு வேலை முடிவதற்கு? அதற்கு எந்த விதியும் உத்தரவாதம் தராது.

ஃபின்லாந்துக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே சில இளைஞர்கள் ஏழு வருடம் பாடுபட்டு, வீட்டு அறையில் நீலத்திரை கட்டி, 'ஸ்டார் ட்ரெக்'கைக் கிண்டலடித்து ஒரு முழுநீளப் படம் எடுத்தார்கள். 2005ல் இலவசமாகவே வெளியிட்டார்கள். உலகம் பூராவும் ரசிகர்கள். அந்த ரசிகர்களின் காசையும் ஒரு பங்காகச் சேர்த்து, சுமார் 75 லட்சம் யூரோவில் 'அயர்ன் ஸ்கை' எடுத்தார்கள். தோற்றுப்போன நாஜிகள் 1945ல் நிலவுக்கு ஓடிப்போய், 2018ல் படையெடுத்து வருகிறார்கள் என்று கதை. 2012ல் பெர்லின் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். நம்பினவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டாம் பாகத்துக்கு மறுபடி ரசிகர்களிடம் போனார்கள். ஐந்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. படம் இழுத்துக்கொண்டே போய் 2019ல்தான் வந்தது, வந்த வேகத்தில் சுருண்டது. மறு வருடம் கம்பெனி திவால். ஏமாற்று வேலை என்று சொல்லமாட்டேன். ஆசை, வேலையைவிடப் பெரிதாகிவிட்டது. அவ்வளவுதான்.

கடைசியாக ஒருத்தர். பிராண்டன் சாண்டர்சன். 2022, மார்ச் 1. நாலு மாயாஜால நாவல்கள் போடப்போகிறேன், முப்பது நாளில் பத்து லட்சம் டாலர் வேண்டும் என்று கிக்ஸ்டார்ட்டரில் கேட்டார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, சேர்ந்துவிட்டது. மாத முடிவில் 1,85,341 பேர் சேர்ந்து கொடுத்தது நாலு கோடியே பதினேழு லட்சம் டாலர். அந்தத் தளத்தில் அதுவரை யாருமே பார்க்காத தொகை.

எப்படி இவ்வளவு நம்பிக்கை? இரண்டு விஷயம். ஒன்று, நாலு நாவலையும் கொரோனா காலத்தில் யாருக்கும் தெரியாமல் எழுதி முடித்துவிட்டுத்தான் கையை நீட்டினார். 2023லேயே நாலும் வெளிவந்துவிட்டன. இன்னொன்று பழைய கதை. ராபர்ட் ஜோர்டான் என்ற எழுத்தாளர் தன்னுடைய மிகப்பெரிய தொடர் நாவலை முடிக்காமலே 2007ல் காலமானார். அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்துக்கொண்டு மிச்சத்தை எழுதி, 2013ல் முற்றும் போட்டவர் இந்த சாண்டர்சன்தான்.

அடுத்தவர் பாதியில் விட்ட கதையையே முடித்துக் கொடுத்த மனுஷன், தன் கதையை முடிக்காமலா விடுவான்? வாசகன் போட்ட கணக்கு இதுதான். காமர்ஸ் படிக்காமலே போட்டிருக்கிறான். கரெக்டான கணக்கு.

ஆகவே, நாளைக்கு உங்களிடம் யாராவது வந்து, ஒரு பிரமாதமான கதை இருக்கிறது, முதலில் காசு கொடுங்கள் என்று கேட்டால், கதை என்ன என்று கேட்காதீர்கள். இதுவரை எத்தனை கதைக்கு முற்றும் போட்டிருக்கிறாய் என்று கேளுங்கள்.