சவிட்டுநாடகம்

சவிட்டுநாடகம், கொச்சியைச் சுற்றிய கடலோர ஊர்களில் லத்தீன் கத்தோலிக்கர் ஆடிவரும் இசைநாடகம். கோட்டைக்கொச்சி, மட்டாஞ்சேரி, வைப்பின், செல்லானம், கோதுருத்து ஆகியவை அதற்குப் பேர்போன இடங்கள். வெல்வெட் அங்கியும் கிரீடமும் தரித்த நடிகர்கள் தாமே பாடி, வாள் வீசி, பலகை மேடை அதிர மிதித்து ஆடுவார்கள். ஐரோப்பிய அரசர், வீரர், புனிதர் கதைகளே பெரும்பாலும் இதன் பொருள். கிறிஸ்தவச் சரித்திரக் காதற்கதை கேரளக் கடற்கரைக்கு நாவலாக வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மேடைக்கு வந்துவிட்டது, அதுவும் தமிழ் மிகுந்த ஒரு கலவை மொழியில்.

இக்கலை வேர்விட்ட காலம் கொந்தளிப்பானது. 1599-இல் கோவா பேராயர் அலெய்ஷோ த மெனேசிஸ் உதயம்பேரூரில் கூட்டிய திருச்சங்கம் மார்த்தோமா கிறிஸ்தவர்களை ரோமின் ஆளுகைக்குள் கொண்டுவந்தது. அவர்களுடைய சிரியாக் ஏடுகள் பல தீக்கிரையாயின. அரை நூற்றாண்டாக உள்ளே புகைந்த கோபம் 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் வெடித்தது. சிலுவையில் கட்டிய வடங்களைப் பிடித்துக்கொண்டு, இயேசு சபைப் பாதிரிகளுக்கு இனிப் பணிவதில்லை என்று திரண்டிருந்தவர்கள் ஆணையிட்டார்கள். கூனன் குரிசு சத்தியம் என்று வரலாறு சொல்லும் புரட்சி இதுவே. பத்தாண்டில், 1663-இல், டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்துப் போர்த்துகீசியப் பாதிரிகளை வெளியேற்றினார்கள். ஆணையிட்டவர்கள் சுரியானி மரபினரான மார்த்தோமா கிறிஸ்தவர்கள், நாடகம் ஆடியவர்கள் லத்தீன் முறையினர் என்ற வேறுபாட்டை மறக்கலாகாது. ஆயினும் அரியணைகள் கவிழ்வதையும் மதத்தலைமை மாறுவதையும் கண்ணால் கண்ட மக்களுக்கு, துரோகமும் விசுவாசமும் மோதும் கதைகள் அந்நியமாக இருந்திருக்க முடியாது.

அக்கதைகளில் தலையாயது காறல்மான் சரிதம். காறல்மான் எனப்படும் சார்லமேன் பேரரசனும் அவனுடைய பன்னிரு வீரர்களும் அதன் நாயகர்கள். பல இரவுகள் தொடர்ந்து ஆடப்பட்ட இதை இயற்றியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழர் என்பது மரபு. சார்லமேனின் வீரன் ஒலிவரும் முஸ்லிம் வீரன் ஃபெராபிராசும் பொருதும் போர், கலலோனின் காட்டிக்கொடுப்பு, ரோல்தானின் மரணம் ஆகியவை இதில் இடம்பெறும். ஃபெராபிராஸ் கதையின் பழைய பிரெஞ்சு வடிவில் அவன் தங்கை ஃப்ளோரிப்பஸ் எதிரிப்படை வீரன் ஒருவனைக் காதலித்து ஞானஸ்நானம் பெறுகிறாள். காதலும் மனமாற்றமும் ஒன்றாய்ப் பின்னிய இந்த வகைக்கு அவளே நல்ல சான்று. ரோல்தானின் மரணத்துக்கு அடிப்படையான போரில், கி.பி. 778-இல் சார்லமேனின் பின்படையை ரோன்செவோ கணவாயில் தாக்கியவர்கள் உண்மையில் பாஸ்க் மக்கள். பிரெஞ்சுக் காப்பியம் அவர்களை முஸ்லிம்களாக்கியது, போர்த்துகீசியர் அந்தப் பகையையும் கதையோடு சேர்த்துக் கப்பலேற்றினார்கள். மிளகு வாணிபத்தில் அரபு வணிகரோடு போட்டியிட்டவர்களுக்கு அது வசதியாக இருந்தது. இந்தக் கறையை மறைத்துக் கலையைப் போற்றுவது நேர்மையாகாது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் போர்த்துகீசியர் ஆண்ட சாவோ தோமே தீவிலும் ‘சிலோலி’ என்ற பெயரில் சார்லமேன் நாடகம் இன்றும் ஆடப்படுகிறது.

இன்னொரு நாடகம் ஜெனோவா. கணவன் போருக்குப் போனபின் பொய்ப்பழி சுமந்து, குழந்தையோடு காட்டில் வாழ்ந்த பிரபுவின் மனைவியைப் பற்றியது. 1953-இல் எம்.ஜி.ஆர். நடிக்க, மலையாளத்திலும் தமிழிலும் படமாக வந்தது இதே கதைதான்.

கொச்சித் திருச்சபையில் தமிழுக்கு ஆழமான இடம் இருந்தது. இயேசு சபைப் பாதிரி என்றீக்கே என்றீக்கசின் ‘கிரிசித்தியானி வணக்கம்’ என்ற தமிழ் நூல் 1579-இல் அச்சானது கொச்சியில்தான். நாடகம் பயிற்றும் ஆசானை அண்ணாவி என்றே அழைப்பார்கள். யாழ்ப்பாணம், மன்னார் கத்தோலிக்கக் கூத்துகளில் அவர் அண்ணாவியார். கட்டியக்காரனும் கேரளம், இலங்கை ஆகிய இரு கரைகளிலும் உண்டு.

1964-இல் சபீனா ராபி எழுதிய ‘சவிட்டுநாடகம்’ இக்கலையை முறையாக ஆராய்ந்த முன்னோடி நூல். கோதுருத்தைச் சேர்ந்த அவர் இல்லையென்றால் பல செய்திகள் அண்ணாவிகளோடு மறைந்திருக்கும். 2003-இல் என். எஸ். மாதவன் தம் ‘லந்தன்பத்தேரியிலெ லுத்தினியகள்’ நாவலில் காறல்மானைத் திரும்பக் கொண்டுவந்தார். கொச்சிக் காயல் தீவொன்றில் நடக்கும் அந்நாவலின் காலம், 1957-இல் கேரளத்தில் பதவியேற்ற கம்யூனிஸ்ட் அரசையும் 1959-இல் அதைக் கவிழ்த்த விமோசன சமரம் என்ற போராட்டத்தையும் உள்ளடக்கியது. மேடையிலிருந்து கிளம்பிய வீரகாதல் கதை, புரட்சிக்காலத்தைப் பற்றிய நவீன நாவலுக்குள் இவ்வாறு நுழைந்தது.

இன்று பள்ளிக் கலைவிழாப் போட்டிகளால் மாணவர்களும் பெண்களும் இதை ஆடுகிறார்கள். நேரக் கட்டுப்பாட்டில் கதை சுருங்கி, மிதிப்பே மிஞ்சுகிறது. நாடகச் சுவடிகளிலுள்ள பாடல்களின் கலவை மொழியைப் பிரித்தறியத் தமிழ் கற்றவர்களே தகுதியானவர்கள். தமிழ்ப் பல்கலைக்கழகங்கள் கொச்சிக்கு ஆய்வாளர்களை அனுப்பி, அண்ணாவிகள் இருக்கும்போதே அச்சுவடிகளைப் பதிப்பிக்க வேண்டும்.