தீபங்குடியும் அதன் நீர்வயல்களும்

தீபாவளிக்கு மறுநாள் பிற்பகல், கும்பகோணத்திலிருந்து குடவாசல் வழியாகத் திருவாரூர் செல்லும் சாலையில் பயணம் செய்து, அரசவனங்காட்டுக்கு அருகே இறங்கித் தீபங்குடிக்குச் சென்றோம். மகாவீரர் பாவாபுரியில் முத்தியடைந்த நாளை விளக்கேற்றிக் கொண்டாடிய மறுநாளே, விளக்கைத் தன் பெயரில் தாங்கிய ஓர் ஊரைக் காண நேர்ந்தது தற்செயலே. ஆயினும் மனம் நிறைந்தது. உடன் வந்தவன் என் மகள் வயிற்றுப் பேரன். சென்னையில் ஒன்பதாம் வகுப்புப் படிப்பவன். கோயில் காணும் ஆர்வத்தைவிடக் கேள்வி கேட்கும் ஆர்வம் அவனுக்கு மிகுதி.

நம்முடைய ஊர்களில் பெரும்பாலானவை வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம், செஞ்சிப் பக்கங்களில் அமைந்தவை. ஏரியும் பாறையும் குன்றும் சூழ்ந்த நிலம் அது. ஊருக்கு அருகே ஒரு மலை, மலையில் ஒரு குகை, குகையில் முனிவர்களின் கற்படுக்கை என்றே சமண வரலாற்றை எண்ணிப் பழகிவிட்டோம். சோழநாட்டுச் சமவெளியில் அந்தப் பழக்கம் உதவாது. இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு மேடு கிடையாது. சாலையே வயலைவிட முழங்கால் உயரம் மட்டுமே மேலே செல்கிறது. தூரத்தில் தென்படும் தென்னந்தோப்பு ஒவ்வொன்றும் ஓர் ஊர் இருக்கும் திடலுக்கு அடையாளம். வயல்களில் நடவு முடிந்து, பயிர் வேர்பிடித்துத் தூர்கட்டத் தொடங்கியிருந்தது. ஐப்பசி மழைநீர் வரப்பின் விளிம்பு வரை நின்றது.

இந்நிலம் ஆற்றால் ஆனது. கல்லணையில் காவிரியிலிருந்து பிரியும் வெண்ணாறும் அதன் கிளைகளும் மீண்டும் மீண்டும் பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கன்னியாகி, ஒவ்வொரு வயலின் மடைக்கும் நீர் கொண்டு சேர்க்கின்றன. 1934ஆம் ஆண்டு மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின்னர், ஜூன் 12 என்ற நாளைச் சுற்றியே இங்குள்ள உழவர்களின் ஆண்டுக்கணக்கு அமைந்துவிட்டது. அன்று அணை திறந்தால் குறுவை உண்டு; தாமதித்தால் சம்பா ஒன்றே. நீர் வருவது ஒரு கவலை. வந்த நீர் வடியாமல் நிற்பது மற்றொரு கவலை. நிலம் தட்டையாக இருப்பதால் மழை மிகுந்தால் வடிகாலும் வாய்க்காலும் ஒன்றாகிவிடும் என்று வழியில் கண்ட குடியானவர் ஒருவர் கூறினார்.

இத்தகைய நன்செய் நிலத்தின் நடுவே சமணம் தழைத்திருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். கும்பகோணத்தில் சந்திரப்பிரபர், மன்னார்குடியில் மல்லிநாதர், தஞ்சைக் கரந்தையில் ஆதிநாதர், தீபங்குடியில் தீபநாயகர் என்னும் திருப்பெயரோடு ஆதிநாதர் எனக் காவிரிப் படுகையிலும் ஜிநாலயங்கள் உள்ளன. கும்பகோணத்துச் சிராவகர்கள் இல்லாதிருந்தால் சீவகசிந்தாமணி இன்று நமக்குக் கிடைத்துள்ள செம்மையான வடிவில் கிடைத்திராது. 1880இல் சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் அந்நூலைக் கையிலெடுத்த உ.வே. சாமிநாதையர், அதன் சமயக் கருத்துகள் விளங்காமல் தவித்தபோது, அவ்வூர்ச் சமணக் குடும்பத்தாரை நாடிச் சென்றார். அங்கே சிந்தாமணி ஏட்டில் உறங்கும் பழைய நூலாக இல்லை; மாதக்கணக்கில் கூடியிருந்து படித்துப் பொருள் கேட்டு, நிறைவு நாளை விழாவாகக் கொண்டாடும் நூலாக இருந்தது. அவர்களிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே 1887இல் அவர் அதைப் பதிப்பித்தார்.

தீபங்குடிக்குத் தமிழிலக்கிய வரலாற்றில் உள்ள இடம் வேறு வகையானது. கலிங்கத்துப்பரணி பாடிய சயங்கொண்டார் பிறந்த ஊர் இது என்பது வழிவழி வரும் செய்தி. முதற் குலோத்துங்க சோழனின் அவைப்புலவர் அவர். கருணாகரத் தொண்டைமான் தலைமையில் சோழப்படை கலிங்கத்தை வென்றதைப் பாடியது அந்நூல். ஆயிரம் யானைகளைப் போர்க்களத்தில் கொன்ற வீரனுக்கே பரணி பாடுவது என்பது இலக்கணம். எறும்புக்கும் இரங்கும் அறம் பேணிய ஓர் ஊரில் பிறந்தவர், தமிழிலுள்ள போர்ப்பாடல்களிலேயே மிகக் கடுமையானதைப் பாடினார் என்பதை எப்படி ஏற்பது? இக்கேள்வி எனக்கு இளமையிலிருந்தே உண்டு.

அவர் சமணரா என்பதிலேயே அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. நூலின் கடவுள் வாழ்த்து சிவபெருமானில் தொடங்கித் திருமால், நான்முகன் என்று செல்கிறது. அருகனைப் பற்றிய பாடல் இல்லை. ஆகவே சைவர் என்பர் சிலர். அரசவையில் அரங்கேறிய நூலில் அரசனின் தெய்வங்களே முன்னிற்கும், அதைக் கொண்டு புலவரின் சமயத்தை முடிவு செய்யலாகாது என்பர் வேறு சிலர். எனக்கு இரண்டாம் கருத்தே ஏற்புடையது. ஆயினும் பிறப்பை நிறுவும் வழக்கில் எனக்கு நாட்டம் இல்லை. நூலின் உள்ளேயே இரண்டு இடங்கள் இருக்கின்றன, அவை போதும்.

போரில் தோற்ற கலிங்க வீரர்கள் உயிர் பிழைக்க ஓடுகிறார்கள். சிலர் அந்தணர் வேடம் கொள்கிறார்கள். வேறு சிலரோ உடையிழந்து, தலைமயிரைப் பறித்துக்கொண்டு, தாங்கள் அமணர் என்று சொல்லித் தப்புகிறார்கள். இது நகைச்சுவைக்காகச் சொல்லப்பட்டது என்பது உண்மை. ஆனால் அந்த நகைச்சுவை செல்லுபடியாக வேண்டுமானால், வெறிகொண்ட படைவீரனும் சமண முனிவர்மேல் வாள் வீசமாட்டான் என்பது கேட்பவர் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

மற்றோர் இடம் களத்தில் பேய்கள் கூழ் சமைத்துப் பரிமாறும் பகுதி. பல வகைப் பேய்களுக்கும் அவரவர் வழக்கப்படி கூழ் வார்க்கப்படுகிறது. சமணப் பேய்களும் அங்கே உண்டு. அவை உயிர்க்கொலை செய்யாதவை, ஒரு நாளில் ஒருமுறை மட்டுமே உண்பவை. எனவே மயிர் இருக்கிறதா என்று பார்த்து, துணியால் வடிகட்டி ஊற்றுங்கள் என்று சொல்லப்படுகிறது. ஒரு வேளை உண்ணும் முனிவர் ஒழுக்கமும், உணவில் மயிர் கிடந்தால் அந்த ஆகாரத்தை விலக்கும் நெறியும், நீரையும் பிறவற்றையும் வடிகட்டும் சிராவகர் வழக்கமும் அவ்விரண்டு அடிகளில் அடங்கியிருக்கின்றன. தொலைவில் நின்று கேள்விப்பட்டவர் எழுத்தாக இது எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டு அடுப்படியையாவது கண்டவர் எழுத்து.

ஜிநாலயத்தில் வணங்கிய பின், ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் இல்லத்துக்கு அழைத்தார். "பொழுது சாயப் போகிறது, ஐயா. இப்போதே இலை போட்டுவிடுவோம், வாருங்கள்" என்றார். மணி ஐந்துகூட ஆகவில்லை. என் பேரன் என் முகத்தைப் பார்த்தான். சென்னையில் எங்கள் வீட்டில் அவ்வழக்கம் தளர்ந்து போயிற்று என்பதை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்திலிருந்து எட்டு மணிக்குத் திரும்பும் மக்களிடம் அதை வற்புறுத்த எனக்கு வாய் எழவில்லை.

கிணற்று நீரை வெள்ளைத் துணியில் வடித்துக் கொண்டிருந்த அம்மையாரிடம் பேரன் கேட்டான்: "வயலில் உழும்போதும் சேறு மிதிக்கும்போதும் எத்தனையோ புழு, நத்தை, நண்டு சாகுமே பாட்டி, தண்ணீரை மட்டும் வடிகட்டினால் போதுமா?" எனக்குச் சற்று நாணமாக இருந்தது. பெரியவரோ சிரித்தார். கொல்ல வேண்டுமென்றே நினைத்துச் செய்யும் சங்கல்ப ஹிம்சையை இல்லறத்தான் முற்றிலும் விட வேண்டும். சமையல் முதலிய வீட்டு வேலையிலும், பிழைப்புக்கான தொழிலிலும், தற்காப்பிலும் நேர்வதை இயன்றவரை குறைக்க வேண்டும் என்று நூல்கள் வகுத்ததை எடுத்துச் சொன்னார். "உழவன் பாவமே இல்லாதவன் என்று எந்த நூலும் சொல்லவில்லை, தம்பி. அதனால்தான் குறைக்க முடிந்த இடத்தில் குறைக்கிறோம். துணி நம் கையில் இருக்கிறது; வடிகட்டுகிறோம்" என்றார். சேற்றில் இறங்காத வணிகருக்கு இக்கேள்வி இவ்வளவு நெருக்கமாக வந்திராது. தமிழ்ச் சமணர் நெடுங்காலம் உழுகுடியினராகவே வாழ்ந்தவர்கள்.

உண்டு முடித்துத் திண்ணையில் அமர்ந்தோம். தெருவில் சில வீடுகள் பூட்டியிருந்தன. பிள்ளைகள் வெளியூரில் இருப்பதாகவும், திருவிழாவுக்கு வருவார்கள் என்றும் பெரியவர் சொன்னார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இருட்டியதும் தெருவிளக்கு எரிந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் அதைச் சுற்றி வயலிலிருந்து பச்சைப் பூச்சிகளும் ஈசலும் மொய்க்கத் தொடங்கின. திண்ணை விளக்கின் அடியில் வைத்திருந்த செம்பு நீரில் பத்து நொடிக்குள் நாலைந்து விழுந்தன. பெரியவர் எழுந்து விளக்கை அணைத்தார். பேரன் செம்பைக் கையிலெடுத்து நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, விழுந்தவற்றில் உயிரோடிருந்த இரண்டைத் துரும்பால் தூக்கித் திண்ணை ஓரத்தில் விட்டான். பிறகு, "தாத்தா, அந்தப் பேய்கள் கூழை வடிகட்டும் பாட்டு நம் வீட்டில் இருக்கிறதா?" என்று கேட்டான். இருக்கிறது என்றேன். பேருந்து வரும் வரை இருட்டிலேயே அமர்ந்திருந்தோம்.