கடல் கடந்த கட்டுமரம்

தமிழிடமிருந்து ஆங்கிலம் பெற்றுக்கொண்ட சொற்களுள் ‘கேட்டமரான்’ தனிச்சிறப்புடையது. சோழமண்டலக் கரையின் மீனவர் நாவில் வழங்கிய ‘கட்டுமரம்’ என்பதே அதன் மூலம்.

இலக்கண நோக்கில் இது வினைத்தொகை. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலமும் இச்சொல்லுள் அடங்கும். தொழிலும் அவ்வாறே. எடை குறைந்த மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலேறுவர், கரை திரும்பியதும் கட்டவிழ்த்து உலரவிடுவர், மீண்டும் கட்டுவர். மரங்களின் இடைவெளியில் நீர் புகுந்து வெளியேறுவதால், அலை கவிந்தாலும் அது மூழ்குவதில்லை.

1697இல் வெளிவந்த தம் பயணநூலில் வில்லியம் டாம்பியர் இக்கலத்தையும் பெயரையும் குறித்தார். துறைமுகம் எழுவதற்கு முன், சென்னைக்கு வந்த கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டன. பொங்கும் அலைகளைக் கடந்து கடிதங்களைச் சேர்ப்பித்தவர்கள் கட்டுமரக்காரர்களே. மசூலாப் படகு கவிழ்ந்தால் பயணிகளைக் காப்பாற்றியவர்களும் அவர்களே.

சொல்லோ பொருள் மாறிப் பயணித்தது. 1804இல் பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க ராபர்ட் புல்டன் வகுத்த மிதக்கும் வெடிக்கலங்களுக்கு ஆங்கிலேயர் இப்பெயரை இட்டனர். பின்னர் சண்டைக்காரப் பெண்ணைச் சுட்டும் வசைச்சொல்லாகவும் அது வழங்கியது. 1876இல் அமெரிக்கரான நதானியேல் ஹெரஷாப் ‘அமரில்லிஸ்’ என்னும் இரட்டையுடல் பாய்க்கலத்தைக் கட்டினார். இன்று உலகம் அறிந்த பொருள் அவ்வகைக் கலமே.

இவ்விடத்தில் ஒரு மயக்கம் நீங்க வேண்டும். இரட்டையுடல் கலத்தின் மரபு பசிபிக் தீவினருக்கு உரியது. பெயரே தமிழருக்கு உரியது. பிறர் அறிவைத் தமதெனக் கொள்ளாமலே தமிழர் பெருமை கொள்ள இங்கு இடமுண்டு.

ஆனால், சொல்லைத் தந்த கரை என்னவாயிற்று? துறைமுகச் சுவர்கள் மணலின் வடதிசை ஓட்டத்தைத் தடுத்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரக் கரையைக் கடல் அரித்தது. கற்சுவர்கள் எழுந்த இடங்களில் கட்டுமரத்தை இழுத்தேற்ற மணற்பரப்பு இல்லை. விசைப்படகுகள் பெருகின, 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் எங்கும் பரவின. கட்டுமரம் அருகிவிட்டது.

உலகத் துறைமுகங்களிலெல்லாம் அச்சொல் இன்று மிதக்கிறது. பிறந்த கரையிலோ, அவ்வினைத்தொகையின் மூன்று காலங்களுள் இறந்தகாலமே எஞ்சி வருகிறது.