பிடியும் பிடித்த கையும்: ஊவாக் கத்திகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கத்தியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அலகின் வரலாற்றையே எழுதிச் செல்வர். இரும்பு எங்கே உருக்கப்பட்டது, எஃகு எவ்வாறு தோய்ச்சலிடப்பட்டது என்பனவே அவர்தம் வினாக்களாகும். அலகு வெட்டப்படும் பொருளைத் தொடுவது. பிடி வெட்டுபவரின் கையைத் தொடுவது. ஆதலின், கத்தியைக் கையாண்டவர் யார், சமூகத்தில் அவர் எந்நிலையினர் என்பனவற்றை அறியப் பிடியே சிறந்த சான்றாகும். பதுளையை நடுவாகக் கொண்ட ஊவாப் பகுதியில் கண்டியரசின் பிரதானிகளது இடைக்கத்தி, ஆங்கிலேயரின் மடக்குக் கத்தி, தோட்டத் தொழிலாளரின் கவ்வாத்துக் கத்தி ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் புழங்கியுள்ளன. இவற்றின் பிடிகளை ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது, சிங்களத்தில் ‘பிஹா கெத்த’ எனப்படும் சிறு கத்தி. நேரான முதுகும் வளைந்த வாயும் உடைய இக்கத்தியை மரவுறையில் இட்டு இடுப்பில் செருகிக்கொள்வது கண்டியரசுக் காலத்து வழக்கம். அவ்வுறையிலேயே ஓலையில் எழுதும் எழுத்தாணியும் சேர்ந்திருப்பதுண்டு. கலைத்திறன் மிக்க கத்திகள் அரசனின் பட்டறைகளிலே செய்யப்பட்டன. பிடிக்குத் தந்தம், கொம்பு, மரம், வெள்ளி, பித்தளை ஆகியன பயன்பட்டன. ஒரே பிடியில் இவற்றுட் பல இணைக்கப்பட்டதும் உண்டு.

பிடியின் பொருள் உடையவரின் தகுதியைக் காட்டிற்று. இலங்கையின் ஆண் யானைகளில் தந்தமுடையவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. யானைகளோ அரசனின் உரிமை. ஆகவே தந்தப்பிடி செல்வத்தை மட்டுமன்றி அரசவைத் தொடர்பையும் உணர்த்திற்று எனலாம். எருமைக் கொம்பு சூட்டில் இளகும் இயல்புடையது. ஆதலின் விரும்பிய வடிவுக்கு அதனை வளைக்கலாம். வறண்ட நிலக் காடுகளில் வளரும் கருங்காலி, நீரில் அமிழும் அளவுக்கு இறுகிய மரம். தேய்க்கத் தேய்க்க மெருகேறுவது. பிடியிற் செதுக்கப்பட்ட இலைக்கொடி வேலைப்பாடு அழகுக்கென்றே அமைந்ததன்று. வழவழப்பான தந்தம் கையினின்று வழுவாதிருக்கவும் அம்மேடுபள்ளங்கள் உதவின.

கத்தியும் எழுத்தாணியும் இணைந்திருத்தல் தமிழர்க்கும் புதிதன்று. உ. வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ என்னும் நூலில் எழுத்தாணி வகைகளை விளக்குகிறார். அவற்றுள் மடக்கெழுத்தாணி என்பது பிடிக்குள் மடங்குவது. மரம், தந்தம், மாட்டுக்கொம்பு ஆகியவற்றால் அதன் பிடி அமைந்தது. ஓலையை நறுக்கக் கத்தியும் அதில் எழுத எழுத்தாணியும் தேவைப்பட்டமையால், கற்றோர் கையில் இரண்டும் ஒருங்கே இருந்தன. தமிழகத்திலும் கண்டியிலும் அழகிய பிடி எழுத்தறிந்தோரின் அடையாளமாயிருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

1815 இல் கண்டியரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817-18 இல் ஊவாவில் மூண்ட கிளர்ச்சி கொடுமையாக அடக்கப்பட்டது; ஊர்களும் வயல்களும் அழிந்தன. அரசன் இல்லாதொழியவே அரச பட்டறைகளும் ஆதரவிழந்தன. கைவினைகளின் இந்நலிவை ஆராய்ந்தவர் ஆனந்த குமாரசுவாமி. 1908 இல் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் அவரது ஆங்கில நூல், கண்டிக் கம்மியரின் தொழில்நுட்பங்களைப் பதிவுசெய்த பெருநூலாகும். ஒரு தமிழர் எழுதிய அந்நூல் இன்றேல், அக்கைவினைஞர் பற்றி நாம் அறிந்தவை மிகவும் குறைந்திருக்கும்.

அடுத்து வந்தது ஆங்கிலேயரின் கத்தி. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரம் சட்டைப்பைக் கத்திகளுக்குப் பெயர்பெற்றது. அங்கே அலகின் எஃகைவிடப் பிடியின் பொருள் தொலைவிலிருந்து வந்தது. ஆபிரிக்காவின் தந்தம், கடற்சிப்பியின் முத்துத்தகடு, இந்தியாவின் எருமைக்கொம்பு, மரையின் கொம்பு ஆகியன அங்கே குவிந்தன. மரைக்கொம்பின் புறத்தே இயற்கையாகவே வரிவரியான மேடுபள்ளங்கள் உண்டு. மழையில் நனைந்தாலும் பிடி நழுவாது. அதனை வாங்க இயலாதோர்க்காக, மாட்டெலும்பிற் பள்ளங்கள் செதுக்கிச் சாயமூட்டி மரைக்கொம்பு போலத் தோன்றச் செய்தனர். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செலுலொயிட் தோன்றியபின் தந்தத்துக்கும் போலி பிறந்தது. உயர்ந்தோர் பிடியின் புறத்தோற்றத்தை மலிந்த பொருள் பின்பற்றுதல், தகுதியைக் காட்டும் பொருள்கள் யாவற்றிலும் காணத்தக்க போக்காகும்.

கொம்பையும் தந்தத்தையும் நாடிய அவ்வுலகின் வேட்டை வெறிக்கு ஊவாவே சாட்சி. பதுளையில் அதிகாரம் வகித்த மேஜர் றொஜர்ஸ் 1,400 க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப்படுகிறார். அவற்றுட் பெரும்பாலன தந்தமற்றவை. பிடிக்குத் தந்தம் வேண்டி அவை கொல்லப்பட்டன அல்ல. 1845 இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து அவர் இறந்தார். பதுளையிலுள்ள புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்தது.

மூன்றாவது கத்தியே மலையகத் தமிழர் வரலாற்றோடு பிரிக்கவொண்ணாதது. 1869 இல் இலங்கையிற் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. அவ்விடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. தேயிலைச் செடியை அதன் போக்கில் விட்டால் மரமாகிவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைத் தாழ வெட்டுவதே கவ்வாத்து. கொழுந்து பறித்தல் பெரும்பாலும் பெண்கள் தொழில். கவ்வாத்து ஆண்கள் தொழில். வெட்டு ஒரே வீச்சில், சாய்வாக, சிம்பு கிளம்பாமல் அமைய வேண்டும். பிளந்த கிளையில் நீர் தங்கும். நீர் தங்கின் அழுகும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான செடிகளை இவ்வாறு வெட்டுவோர்க்குக் கூரிய அலகு மட்டும் போதாது. பிடி வழுக்கினால் முதலிற் கெடுவது செடியன்று, கையே.

இத்தொழிலுக்குத் தந்தம் உதவாது. ஊவா மலைகளின் பனியிலும் மழையிலும் வியர்வை படிந்த கையிலும் மெருகேறிய பிடி நில்லாது. மரமே ஏற்றது, அதிலும் எளிதிற் பிளவாத, இழை நெருங்கிய மரமே ஏற்றது. கொய்யா போன்ற மரங்கள் கருவிப் பிடிகளுக்கு விரும்பப்படுவது இதனாலேயே. அலகின் வாலைப் பிடிக்குள் இறக்கி, வாய்ப்புறம் வெடிக்காதிருக்க இரும்புப் பூண் இடுவது பொதுவான கம்மிய முறை. அதன்மேல் எவ்வித அலங்காரமும் இல்லை. ஆயினும் சில ஆண்டுகளில் அப்பிடியும் வடிவு மாறும். பெருவிரல் அழுந்துமிடம் குழியும்; உள்ளங்கை உராயுமிடம் கறுத்துப் பளபளக்கும். அரசவைக் கத்தியின் பிடியிற் சிற்பி செய்ததைக் கவ்வாத்துக் கத்தியின் பிடியில் தொழிலாளரின் கை செய்தது.

இங்கே வரலாற்று மாணவர் கருதவேண்டிய ஒன்று உண்டு. தந்தமும் வெள்ளியும் நெடுங்காலம் நிற்பன. ஆதலின் பிஹா கெத்த கொழும்பிலும் இலண்டனிலும் நூதனசாலைகளை அடைந்தது. மரப்பிடி உளுக்கும்; உளுத்தால் கழற்றி எறிந்து புதிது இடுவர். ஒரு தலைமுறையின் கைத்தடத்தைத் தாங்கிய மரம் அடுப்புக்கு விறகாகும். எழுத்திற் பதிவு பெறாத மக்களின் கருவிகளும் இவ்வாறே அழிந்தன. அம்மக்களும் நிலைத்திருக்க விடப்பட்டாரல்லர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964 ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என வகுத்தது. மரபுவழியாக ஒரு கருவியைக் காத்து வைப்பதற்கு நிலைத்த வீடு வேண்டும். லயத்து அறையில் வாழ்ந்தோர்க்கு அவ்வுறுதி இருந்ததில்லை.

கம்பளையை அடுத்த பழைய பீக்கொக் தோட்டத்தில் 2007 இல் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. பழைய லயத்து அறைகளிலே தொழிலாளரின் கருவிகளும் வீட்டுப் பொருள்களும் அங்கே இடம்பெற்றுள்ளன. இம்முயற்சி ஊவாத் தோட்டங்களுக்கும் விரிதல் வேண்டும். கவ்வாத்துக்கு இயந்திரங்கள் வந்துவிட்ட இக்காலத்திற் பழைய கத்திகள் அருகி வருகின்றன. அவற்றைத் திரட்டுவோர் அலகைத் துலக்கி, தேய்ந்த பிடியை மாற்றிப் புதுமரம் இட்டுவிடலாகாது. எந்த மரம், எவர் இட்டது, எத்தனை ஆண்டு ஆண்டது, எந்த விரல் எங்கே குழித்தது என்பனவற்றை உடையவர் வாய்மொழியாகக் கேட்டு உடன் எழுதி வைத்தல் வேண்டும். கண்டிக் கம்மியர்க்குக் குமாரசுவாமி ஆற்றிய தொண்டு, கவ்வாத்துக் கத்தி பிடித்தோர்க்கும் உரியதே.