ஆதிமூலம், கே. எம்.

கே. எம். ஆதிமூலம் (1938–2008) திருச்சிராப்பள்ளி மாவட்டம் துறையூரை அடுத்த கீராம்பூரில் பிறந்தவர். சிற்பி எஸ். தனபாலின் வழிகாட்டலில் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்து 1966இல் பட்டயம் பெற்றார். அப்போது அங்கே முதல்வராக இருந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். வண்ணத்தைவிடக் கோட்டை நம்பிய சென்னை ஓவியர்களில் அந்த நம்பிக்கையைக் கடைசி வரை கொண்டுபோனவர் ஆதிமூலம். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி ஏறத்தாழ நூறு கோட்டோவியங்கள் வரைந்தார். தபால்தலையிலும் நாட்காட்டியிலும் பார்த்துப் பழகிய சாந்தமான முகம் அவற்றில் இல்லை. கறுப்பு மை ஓரிடத்தில் அடர்ந்து, இன்னோரிடத்தில் இற்று, கூன் விழுந்த முதுகையும் எலும்பெடுத்த தோளையும் நம் முன் நிறுத்துகிறது. மன்னர் வரிசை ஓவியங்களிலும் இதே கைதான். மகுடமும் அணிகலனும் நுணுக்கமான கோடுகளால் நிறைந்திருக்க, அவற்றைச் சுமக்கும் உடல் சிதைந்துகொண்டிருக்கும்.

இவரை வெளிப்பாட்டிய ஓவியர் என்று சொல்லலாமா? 1905இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் கூடிய இளைஞர்களின் பாணி அது, கீராம்பூர்க்காரருக்குப் பொருந்தாது என்பார்கள். உருவத்தைக் குலைத்து உள்ளத்தைக் காட்டுவதே வெளிப்பாட்டியம் என்றால், அதற்கு ஜெர்மனியின் அனுமதி தேவையில்லை. சிற்பம் செழித்த மண்ணில் அதற்கான முன்மாதிரிகள் எத்தனையோ உண்டு. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. பின்னாளில் அவர் தைலவண்ணத்தில் அரூபத்துக்கே போய்விட்டாரே, உருவ ஓவியர் என்பது பாதி வாழ்க்கைக்குத்தானே பொருந்தும்? காட்சிக்கூடத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் 1980களில், வண்ணப் பரப்புகளைத் தீட்டிக்கொண்டிருந்த அதே கைதான் ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு வாராவாரம் படம் போட்டது. கரிசல் சம்சாரிகளின் வெயில் காய்ந்த முகங்கள் அங்கே வந்துகொண்டே இருந்தன. பத்திரிகைப் படம் கலையில் சேராது என்று ஒதுக்குபவர்களுக்குத்தான் அவர் உருவத்தைக் கைவிட்டவராகத் தெரிவார்.

சிறுபத்திரிகைகளுக்கும் நூல் அட்டைகளுக்கும் அவர் வரைந்தவை ஏராளம். தலைப்பெழுத்தைக்கூட ஓர் உருவமாகவே நடத்தினார். ஓவியக் காட்சிக்கே போயிராத வாசகர்களும், கையெழுத்தைப் பார்க்காமலே, இது ஆதிமூலத்தின் கோடு என்று கண்டுகொண்டார்கள். 2008 ஜனவரி 15 அன்று சென்னையில் காலமானார்.